முனைவட்டில் முப்பது பாகை

மார்ச் மாதம் பதினொன்றாம் நாள், புதன்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். நாடா அளவை அறிக்கையின் அடிக்குறிப்பை எவரோ நீக்கிவிட்டிருந்தார். எழுதியவளைக் கேட்கவில்லை, நீக்கிய பிறகும் சொல்லவில்லை. மேலே எண்கள் எல்லாம் இருந்தன, கீழே அவளுடைய கையொப்பம் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு வரி மட்டும் இல்லை.

அந்த வரி இது: 'செங்குத்தில் எடுத்த எண்கள் மட்டுமே புதிய நாடாவில் அளக்கப்பட்டவை; சாய்வில் உள்ள எண்கள் பழைய நாடாவின் வளைவிலிருந்து எடுக்கப்பட்டவை.' பதினான்கு சொற்கள். மறுநாள் சோதனைக்காகக் கீழ்த்தளச் சோதனைக்கூடத்தின் கதவில் அன்றுதான் ஒட்டியிருந்த அறிக்கைத் தாளை அவள் மேலிருந்து கீழாக மூன்று முறை படித்தாள். நான்காம் முறை விரலை வைத்துக்கொண்டு படித்தாள். இல்லாத வரி எத்தனை முறை படித்தாலும் இல்லாமல்தான் இருக்கும் என்று தெரிந்த பிறகு, மாடிப்படியில் இரண்டிரண்டு படியாக ஏறி அலுவலக அறைக்குப் போனாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் அவளைத் தராசு என்றே அழைத்தார்கள். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்பு வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே, ஓர் எண்ணின் கடைசி இலக்கத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று மூத்தவர் ஒருவரை எல்லார் முன்னிலையிலும் கேட்டதால் வந்த பெயர். முதலில் கேலியாக இருந்தது, பிறகு மரியாதையாக மாறியது. இப்போது அவளுடைய உண்மைப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது.

எழுத்தர் கணினிக்கு முன்னால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இந்த அறிக்கையை யாரு தட்டினது?"

"நான்தான் மேடம். ஏன், எழுத்துப்பிழை இருக்கா?"

"கீழே ஒரு வரி இருந்துச்சே?"

"ஓ, அதுவா! அது மட்டும் ரெண்டாம் பக்கத்துல போயி அநாதை மாதிரி தனியா நின்னுச்சு மேடம். ஒரு வரிக்கு ஒரு தாளான்னு சீஃப் இன்ஜினியர் சார் கேட்டாரு. எண்ணெல்லாம்தான் மேலேயே இருக்கேன்னு எடுத்துட்டேன்."

"எடுத்ததை ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

எழுத்தர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. "எடுத்த பிறகுதான் மேடம் போன மாசம் நீங்க கையெழுத்துப் போட்டீங்க. நின்னுக்கிட்டே போட்டீங்க, என் பேனாவையும் எடுத்துட்டுப் போயிட்டீங்க."

பேனா அவளுடைய மேலங்கிப் பையில்தான் இருந்தது. எடுத்துக் கொடுத்தாள். கடைசி இலக்கத்தை விடாதவள், கடைசி வரி இருக்கிறதா என்று பாராமல் கையொப்பமிட்டிருக்கிறாள். வந்த கோபம் நெஞ்சில் பாதி வழியிலேயே நின்று, அங்கேயே அச்சமாகக் கெட்டியானது.

அச்சத்திற்குக் காரணம் உண்டு. அவள் அளந்தது, சுண்டுவிரல் நகத்தின் அகலமும் தலைமுடியின் பருமனும் கொண்ட ஒரு செப்புநிற நாடா. அதன் வயிற்றுக்குள் மீக்கடத்திப் படலம் ஒன்று இருக்கிறது. கடுங்குளிரில் வைத்தால் அது மின்சாரத்தைத் தடையே இல்லாமல் ஓடவிடும். ஆனால், வலிய காந்தப்புலத்தின் நடுவே வைத்தால் நிலைமை வேறு. புலம் மெல்லிய இழைகளாக நாடாவுக்குள் இறங்கும். மின்சாரம் ஓட ஓட அந்த இழைகளைத் தள்ளும். இழை அசைந்தால் சூடு பிறக்கும். சூடு பிறந்தால் நாடா தன் குணத்தை இழந்து வெறும் உலோகமாகும். இழைகளை அசையவிடாமல் பிடித்துவைப்பதுதான் நாடா செய்பவர்களின் வித்தை. பழைய நாடாவில் அவர்கள் வேற்றுப்பொருளைத் தூளாகத் தூவியிருந்தார்கள். புதிய நாடாவில் அதே பொருளை நெட்டுக்குத்தான நுண்ணிய ஆணிகளாக வளர்த்திருந்தார்கள். நேராக இறங்கும் இழையை ஆணி நன்றாகவே பிடித்தது. பழைய நாடா முந்நூற்றுப் பத்து ஆம்பியர் தாங்கிய இடத்தில் புதியது ஐந்நூற்று அறுபது தாங்கியது. அந்த எண்ணை அளந்த நாளில் ஆய்வுக்கூடத்தில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சாய்ந்து இறங்கும் இழையை நிமிர்ந்து நிற்கும் ஆணி பிடிக்குமா? அதை அளக்க மாதிரித் துண்டைப் புலத்துக்குச் சாய்வாகத் திருப்ப வேண்டும். திருப்பும் திருகு அன்று குளிரில் இறுகி அசைய மறுத்தது. அறிக்கைக்குக் கெடு மறுநாள். பழைய நாடாவுக்கு வரைபடத்தில் இருந்த வளைவை எடுத்து, புதிய நாடாவின் எண்ணுக்கு ஏற்பச் சற்றுக் குறைத்தே மதிப்பிட்டு, சாய்வுக் கட்டங்களை அவள் நிரப்பினாள். முப்பது பாகைக்கு நேராக நானூற்று ஐம்பது என்று எழுதினாள். அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். அதனால்தான் அடிக்குறிப்பும் எழுதினாள். இந்த நாடாவை வட்டு வட்டாகச் சுற்றிச் செய்த, மறுநாள் முதன்முதலாக மின்சாரம் ஏற்றவிருந்த காந்தச் சுருளின் நடுவில் புலம் நாடாவோடு ஒட்டிப் படுத்து ஓடும். மேல்முனையிலும் கீழ்முனையிலும் உள்ள வட்டுகளில்தான் அது வளைந்து, முப்பது பாகைச் சாய்வில் நாடாவுக்குள் நுழையும். அந்த முனைவட்டுகளைச் சுற்றியவன் அவளுடைய தம்பி.

நண்பகலுக்குள் அவள் திருகைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, உலர்வாகவே மீண்டும் பூட்டினாள். சுருளுக்குச் சுற்றி மீந்த நாடாவின் முனையிலிருந்து ஒரு துண்டைக் கத்திரிக்கோலால் வெட்டிக் கம்பிகளைப் பற்றவைத்தாள். குளிரூட்ட அவள் பங்குக்கு மீந்திருந்த திரவ ஹீலியம் ஒரே ஓர் அளவைக்குத்தான் காணும்; மற்றதெல்லாம் சுருள் இருந்த பெரிய குளிர்கலத்துக்குப் போய்விட்டிருந்தது. திருகு மறுபடியும் இறுகிவிடுமோ என்ற பயத்தில் முதலில் முப்பது பாகைக்கே திருப்பினாள். மின்சாரத்தை ஏற்றினாள். இருநூறு. இருநூற்று ஐம்பது. இருநூற்று எண்பதில் மீட்டரின் எண் புரண்டது. இருநூற்று எண்பத்தைந்தில் நாடா விட்டுக்கொடுத்தது. சுருளில் நாளை ஓட வேண்டியது முந்நூறு. அதே துண்டைச் செங்குத்துக்குத் திருப்பி அங்கே ஐந்நூற்று அறுபது வருகிறதா என்று பார்த்துவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடும். திருகைத் தொட்டாள். அதற்குள் ஹீலியத்தின் மட்டம் மாதிரிக்குக் கீழே இறங்கி, எண்கள் எல்லாம் பொருளற்று ஓடத் தொடங்கின.

தலைமைப் பொறியாளர் அவளை உட்காரச் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்திருந்தால் அவளுக்கு வேலை சுலபமாக முடிந்திருக்கும்.

"ஒரே ஒரு துண்டு. அதுவும் கத்திரிக்கோலால வெட்டினது. ஓரத்துல படலம் நொறுங்கியிருக்கலாம் இல்லையா? நீங்க நாடாவை அளந்தீங்களா, கத்திரிக்கோலை அளந்தீங்களா?"

"தெரியல சார். அதைத்தான் சொல்றேன், தெரியல. ஒரு வாரம் தள்ளி வைங்க, இன்னும் ரெண்டு துண்டு பாத்துடறேன்."

"கலத்துல ஐந்நூறு லிட்டர் ஹீலியம் கொதிச்சுக்கிட்டு இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் தாங்கும். பாக்க வர்றவங்க கிளம்பியாச்சு."

"அப்ப இருநூறோட நிறுத்திக்கலாம்."

"முந்நூறுன்னு சொல்லித்தானே சார் இந்தப் பணியே நமக்கு வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, தாம் அவளைச் சார் என்று அழைத்ததை உணர்ந்து சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரும் உடனே நிறுத்திக்கொண்டார். "நாளைக்கு நிறுத்தற பொத்தான் உங்க கையிலதான் இருக்கப்போகுது. காரணம் தெரிஞ்சா அமுக்குங்க, நான் ஒரு கேள்வி கேக்க மாட்டேன். காரணம் இல்லாம அமுக்கினீங்கன்னா, முதல் ஏத்தத்துலயே நின்ன சுருள்னு பேராயிடும். அப்புறம் அதைப் பிரிச்சுத்தான் போடணும். யாரு சுத்தினதுன்னு உங்களுக்குத் தெரியும்."

பொத்தானை நம்ப முடியாது என்பதை அவரிடம் விளக்க வேண்டியதில்லை. அவருக்கும் தெரியும். வேறு கம்பிகளில் ஓரிடத்தில் பிறந்த சூடு மளமளவென்று பரவும், மீட்டரில் உடனே தெரியும். இந்த வகை நாடாவில் சூடு பரவாது; பிறந்த இடத்திலேயே நின்று எரியும். மீட்டரோ சுருள்வட்டு முழுவதையும் சேர்த்துப் பார்த்து மூன்று, நான்கு என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதற்குள் ஊசிமுனை அளவு இடம் உருகிவிடும். இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய சுருளில் அப்படித்தான் நடந்தது. ஹீலியம் முழுவதும் ஒரே மூச்சில் ஆவியாகி, அழுத்தத்தில் கலத்தின் காப்புத் தகடு கிழிந்து, கூரையிலிருந்து வெண்புகை இறங்கியது. அறையில் காற்றே இல்லாமல் போயிற்று. அந்தச் சுருளைச் சுற்றியவர் கலத்தை ஒட்டிய மேடையிலிருந்து நான்கு படி இறங்கி ஐந்தாம் படியில் விழுந்தார். இன்று அவர் கிடங்கில் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஆறு படி ஏறினால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அந்த ஆய்வுக்கூடத்திற்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த விதிப்புத்தகத்திலும் இல்லாத வழக்கம். முதல் ஏற்றத்தின்போது, சுருளைச் சுற்றியவர் மேடையில் ஏறி, கலத்தின் மூடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். இருபத்தைந்து ஆம்பியர் கூடும்போதெல்லாம், உள்ளே ஏதேனும் நெறிபடுகிறதா என்று கையால் கேட்டு, ஒன்றும் இல்லையென்றால் 'ஏறலாம்' என்று சொல்ல வேண்டும். சொன்னால்தான் அடுத்த இருபத்தைந்து. மேடையில் நிற்பவரின் தலைக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ஹீலியம் முதலில் நிறைவது கூரையில்தான்.

மாலை ஆறு மணிக்கு அவள் தம்பி வீட்டு வாசலில் நின்றாள். அவனைப் பம்பரம் என்பார்கள். பிழைப்பே சுற்றுவதுதான் என்பதாலும், ஓரிடத்தில் உட்கார மாட்டான் என்பதாலும். அவன் மனைவி மருத்துவமனையில் பிற்பகல் பணிக்குப் போயிருந்தாள். அவன் மேசைமேல் போர்வையை விரித்து, வெள்ளைச் சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, கடன்காரன் மாதிரி வாசல்லயே நிக்கிற? உள்ள வா. நாளைக்குப் போட்டோ எல்லாம் எடுப்பாங்களாம், அதான் மாப்பிள்ளை வேஷம்."

"நாளைக்கு நீ மேடையில ஏறாதே."

அவன் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் விட்டான். இருநூற்று எண்பத்தைந்தைப் பற்றி அவள் சொன்னாள். சொல்லும்போது தன் குரல் அளவைக்கூடத்துக் குரலாகவே இருப்பதைக் கேட்டாள். அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். கத்திரிக்கோல் பண்ணின வேலையா இருக்கலாம்னாரு."

"இருக்கலாமா?"

"இருக்கலாம்."

"சரி, நீ 'எரியும்'னு ஒரு வார்த்தை சொல்லு. நான் லீவு போட்டுட்டு மல்லாக்கப் படுத்துக்கறேன். சொல்லு பாப்போம்."

அவள் வாயைத் திறந்தாள். பத்தொன்பது ஆண்டுகளாக, அளக்காத ஒன்றை அந்த வாய் சொன்னதில்லை. எழுதியது ஒரே ஒரு முறை.

"பாத்தியா? பயம்மா இருக்குன்னு சொல்ற, எரியும்னு சொல்ல மாட்டேங்கிற. பயத்துக்கெல்லாம் எவன் லீவு குடுப்பான்? பதினோரு வாரம் சுத்தியிருக்கேன்க்கா. தும்மல் வந்தாக்கூட மிஷினை நிறுத்திட்டுத் தும்மியிருக்கேன். நான் கை வைக்காம வேற யாரு வைப்பா? எழுத்தரா? அவருக்கு நாற்காலி மேல ஏறினாலே தலை சுத்தும்."

"உனக்கு மூச்சு இருக்குடா…"

"எல்லாருக்கும்தான் இருக்கு" என்று அவன் கண்ணைச் சிமிட்டினான். அவனுக்கு ஆறு வயதாகவும் அவளுக்குப் பதினொன்றாகவும் இருந்தபோது, ஒரு மழைநாள் முழுவதும் அவனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சும் துருப்பிடித்த கீல்போல அவனுக்குள் திறந்து மூடியது. அன்று அவள் மூச்சுகளை எண்ணினாள். எண்ணுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்று நம்பினாள். ஒருவேளை, அளப்பதே தொழிலானது அன்றுதானோ என்னவோ. இன்றும் அவன் சட்டைப் பையில் இன்ஹேலர் இல்லாமல் வெளியே போவதில்லை.

"இதுல இன்னொண்ணு இருக்குக்கா" என்றான் அவன், இஸ்திரிப் பெட்டியின் பிடியில் கையை ஊன்றியபடி. "முனைவட்டு ரெண்டுக்கும் பழைய நாடாவே போதுமான்னு நான் யோசிச்சேன். ரெண்டு வட்டுக்கு மிச்சமும் இருந்துச்சு. அப்புறம்தான் உன் அறிக்கை வந்துச்சு. முப்பது டிகிரியில நானூத்தி ஐம்பது. தராசே சொல்லியாச்சு, அப்புறம் என்னன்னு புது நாடாவையே போட்டுட்டேன்."

தெருவில் எவரோ மிதிவண்டியின் மணியை அடித்துக்கொண்டு போனார். அது தெருக்கோடியில் தேயும்வரை அவள் காத்திருந்தாள்.

"அந்த எண்ணை நான் அளக்கலடா."

"என்னது?"

"வளைவுல இருந்து எடுத்தது. கீழே எழுதியிருந்தேன். எடுத்துட்டாங்க. எடுத்தது தெரியாம நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவன் அவளைப் பார்க்கவில்லை; அவளுக்குப் பின்னால் இருந்த சுவரில், அவளுடைய உயரத்துக்குச் சற்று மேலே எதையோ பார்த்தான். அவன் முகத்தில் அவள் இதுவரை கண்டிராத ஒன்று வந்து நின்றது. அப்போதுதான் தீய்ந்த வாடை எழுந்தது. அவன் துள்ளி இஸ்திரிப் பெட்டியைத் தூக்கினான். சட்டையில், வலக்கைக்கு அடியில், பெட்டியின் கூர்முனை வடிவில் பழுப்புக் கறை ஒன்று பதிந்திருந்தது. சுற்றிலும் துணி வெள்ளையாகவே இருந்தது.

"பரவாயில்ல" என்றான் கறையை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு. "கைக்கு அடியிலதானே. கையைத் தூக்கினாத்தான் தெரியும்." பிறகு, சட்டையை மடித்துக்கொண்டே, "பொத்தான்கிட்ட நீதானே இருப்ப?" என்று கேட்டான்.

"நான்தான்."

"அப்புறம் எனக்கென்ன?"

அவன் அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால் அவளுக்கு அன்று உறக்கம் வந்திருக்கும். அவன் நம்பித்தான் சொன்னான்.

மறுநாள் வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. கீழ்த்தளத்தின் ஒற்றைக் கதவைத் திறந்தே வைக்கச் சொல்லி, அது சாத்திக்கொள்ளாதபடி ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்திருந்தாள். கதவில் இருந்த தாளில், கையொப்பத்துக்கு மேலே, விட்டுப்போன வரியைத் தன் கையாலேயே எழுதியிருந்தாள். வந்தவர்களில் ஒருவரும் அதைப் படிக்கவில்லை. கதவைத் தாண்டும்போது எல்லாரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே தாண்டினார்கள். பார்வையாளர்கள் ஐவர் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நின்றார்கள். எழுத்தர் அவர்களுக்குப் பின்னால், கதவுக்கு மிக அருகில் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டார். சுவரில் இருந்த ஆக்சிஜன் மானி இருபது புள்ளி ஒன்பது என்று பச்சையில் காட்டியது.

தம்பி மேடையில் ஏறினான். வலக்கையை உயர்த்தி மூடியின்மேல் பதித்தான். கறை தெரிந்தது.

இருபத்தைந்து. "ஏறலாம்." ஐம்பது. "ஏறலாம்." நூறு ஆனபோது பார்வையாளர்களில் ஒருவர் படமெடுத்தார். நூற்றைம்பதில் மேல்முனைவட்டின் மீட்டர் சுழியத்தில் நின்றது. இருநூறு. இருநூற்று இருபத்தைந்து. ஒவ்வொரு முறையும் அவன் கண்ணை மூடி, உள்ளங்கையால் கேட்டு, கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து அந்த ஒரு சொல்லைச் சொன்னான். அவன் சொல்லுக்கு முன்னால் இழுக்கும் மூச்சை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இருநூற்று ஐம்பதில் மீட்டர் ஒன்று என்றது. உடனே சுழியம் என்றது. சோதனைத் திட்டத்தில் நிறுத்துவதற்குக் குறித்திருந்த எல்லை பத்து மைக்ரோவோல்ட். பத்துக்குக் கீழே எதுவும் காரணம் ஆகாது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு மீட்டர் நான்கு என்று காட்டிய நொடிக்கும் தகடு கிழிந்த நொடிக்கும் இடையில் ஐந்து என்ற எண் வரவே இல்லை. அன்றும் மீட்டரின் முன்னால் இருந்தவள் இவள்தான்.

இருநூற்று எழுபத்தைந்து.

இரண்டு. மூன்று. இரண்டு. கருவியின் இரைச்சலாகவும் இருக்கலாம். எங்கோ ஒரு மின்விசிறி ஓடினால்கூட இரண்டு வரும். மூன்று. தலைமைப் பொறியாளர் அவளைப் பார்த்தார். பார்வையாளர்கள் மேடையைப் பார்த்தார்கள். தம்பி கண்ணை மூடியிருந்தான். இந்த முறை சற்று நேரம் அதிகமாகவே மூடியிருந்தான். பிறகு கண்ணைத் திறக்காமலேயே, "ஏறலாம்" என்றான்.

"ஏத்துங்க" என்றார் தலைமைப் பொறியாளர்.

நான்கு.

அவளுடைய கட்டைவிரல் சிவப்புப் பொத்தானின்மேல் இருக்கிறது. இன்னும் அமுக்கவில்லை. மேடையில், உயர்ந்த கைக்கு அடியில், அந்தப் பழுப்புக் கறை ஒரு மூச்சுக்கு ஒரு முறை விரிந்து சுருங்குகிறது. அமுக்க வேண்டும் என்றோ, அமுக்கக்கூடாது என்றோ இருந்த இடத்திலிருந்து சொல்ல வராதீர்கள், வாசிப்பவரே. வாருங்கள், கதவில் ஒட்டியிருக்கும் தாளின் கடைசி வரியைப் படித்துவிட்டு உள்ளே வாருங்கள். உங்கள் கட்டைவிரலை அவளுடைய விரல்மேல் வையுங்கள். அண்ணாந்து அவனைப் பாருங்கள். பிறகு சொல்லுங்கள், நான்கு என்பது காரணமா?